பிக்கப் முன்பக்கம் ஒரு சைடு சாய்ந்து நிற்கிறதா? அளந்து, காரணம் பிடித்து, சரிசெய்யும் முறை

முன்பக்கம் சாய்ந்த பிக்கப்பைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "அந்தப் பக்கம் ஒரு பிளேட் ஏத்திடலாம்ணா" என்பதுதான். ஏற்றினால் அன்றைக்கு நேராகத்தான் நிற்கும். ஆனால் சாய்வின் காரணம் பின் கமானிலோ (பட்டை ஸ்பிரிங்) கேபின் ரப்பரிலோ இறுகிப்போன ஷாக்கிளிலோ (கமான் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) இருந்தால், ஒரு பக்கம் விறைப்பு கூடிய முன் ஸ்பிரிங்கோடு வண்டி ஓட ஆரம்பிக்கும். காலி வண்டியில் அது தெரியாது. லோடு ஏற்றி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னருக்குப் பின்னால் சட்டென்று பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் தெரியும்.

அதனால் முதலில் அளவு, பிறகு காரணம், கடைசியாகத்தான் ஸ்பானர். அளவெடுக்க ஒரு காலைப்பொழுது போதும், செலவும் ஏறக்குறைய இல்லை.

வடசென்னை வண்டிகளில் சாய்வு அதிகம் தென்படுவதற்குக் காரணங்கள் உண்டு. பெரிய வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரத்தில் ஓடும் சின்ன பிக்கப்பின் கிளீனர் பக்க (இடது) சக்கரம்தான் சாலையின் உடைந்த விளிம்பிலும் மூடியில்லாத குழியிலும் இறங்கி ஏறுகிறது. காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடிச் சொட்டும். அந்தப் பக்கத்துக் கமானும் ஷாக்கிள் பின்னும் (அதை மாட்டும் ஆணி) சீக்கிரம் துருப்பிடிக்கும், சாய்வு இன்னும் கூடும். மீன் வண்டி வைத்திருப்பவர்கள் தாழ்ந்த பக்கத்து ஷாக்கிளில்தான் முதல் பார்வையை வைக்க வேண்டும்.

முன்பக்கம் என்ன வகை?

முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். நீளமான இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் யூ போல்ட்டால் ஆக்சிலோடு கட்டியிருந்தால் அது கமான். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டியானை, முன்னும் பின்னும் கமான்தான். சுருள் ஸ்பிரிங்கின் நடுவே ஷாக் அப்சர்பர் செருகி, மேலும் கீழும் இரண்டு ஆர்ம் இருந்தால் காயில் வகை. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் இப்படி. சுருளும் இல்லை, பட்டையும் இல்லை, ஆர்மிலிருந்து பின்னோக்கிச் சேஸிஸ் ஓரமாக ஒரு நீள இரும்புத் தண்டு போகிறது என்றால் அது டார்ஷன் பார். ஒரே பெயரில் விற்கும் வண்டியிலேயே மாடலுக்கு மாடல் இது மாறும். பெயரை நம்பாமல் கண்ணால் பார்த்துவிட்டுச் சாமான் வாங்குங்கள்.

ஸ்பானர் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

காற்று. இரண்டு முன் டயரிலும், இரண்டு பின் டயரிலும் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சமமாக அடியுங்கள், டயர் சூடாவதற்கு முன். ஒரு பக்கம் 10 பி.எஸ்.ஐ. குறைந்தாலே அந்த மூலை சில மி.மீ. இறங்கிவிடும்.

டயர். இரண்டும் ஒரே அளவா, ஒரே கம்பெனியா, ஒரே தேய்மானமா? புது டயரில் 8 மி.மீ. பட்டன் (ரப்பர் கட்டங்களின் உயரம்), பழையதில் 2 மி.மீ. என்றால் அங்கேயே 6 மி.மீ. உயர வித்தியாசம் வந்துவிட்டது. ஸ்டெப்னி மாட்டி ஓடுகிற வண்டிகளில் சாய்வுப் புகாரில் பாதி இதுவாகவே இருக்கும்.

லோடு. பெட்டியைக் காலி செய்யுங்கள். தார்ப்பாய், கயிறு, டூல் பெட்டி, ஓரத்தில் நிரந்தரமாக நிற்கும் தராசு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். இருபது லிட்டர் கேன் பத்து ஒரு பக்கமாக நின்றால் அதுவே இருநூறு கிலோ. டீசல் எப்போதும் ஒரே அளவில், உதாரணமாகப் பாதி டேங்க், இருக்கும்போது அளவெடுங்கள். டேங்க் ஒரு பக்கம்தான் தொங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சாய்வு இருந்தால்தான் மேலே போக வேண்டும்.

மட்டமான தரை

நம் தெருக்கள் எல்லாம் கால்வாய்ப் பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். பெட்ரோல் பங்க் தரையும் தண்ணீர் வடியச் சரிவு வைத்ததுதான், அங்கே நிறுத்தி அளந்து ஏமாற வேண்டாம். மாதவரம் பக்கம் குடோன்களின் உள்தரை பரவாயில்லை. அதையும் சோதித்துவிட்டே நம்புங்கள்.

சோதிக்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். பத்து மீட்டர் கண்ணாடி டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். வண்டியின் நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் சாக்பீஸால் குறியுங்கள். டியூபின் ஒரு முனையை முதல் குறியில் கம்பில் கட்டி நிறுத்திவிட்டு, மறுமுனையை மற்ற மூன்று குறிக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் அசைவு நின்றதும் இரண்டு முனையிலும் தண்ணீர் மட்டத்திலிருந்து தரைவரை அளந்து எழுதுங்கள். தண்ணீரிலிருந்து தரை அதிகத் தூரம் என்றால் அந்த இடம் பள்ளம். அந்த வித்தியாசத்துக்குப் பிளைவுட் துண்டு வைத்தால் நான்கு சக்கரமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். டியூபின் இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். விரல் வைத்து அடைத்தபடியே அளந்தால் கணக்கு பொய்.

மூன்று அளவுகள்

வண்டியைக் குறிகளின் மேல் உருட்டி நிறுத்துங்கள், ஸ்டியரிங் நேராக. ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின் சக்கரத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் லேசாகக் கட்டை கொடுங்கள். பிரேக் பிடித்திருந்தால் ஸ்பிரிங் முழுதாக இளகி உட்காராது.

அ: ஹப் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை.
ஆ: முன் சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் ஒரே ஓட்டை அல்லது ஒரே வெல்டிங் இருக்கும் இடத்தில் சேஸிஸ் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை.
இ: ஆக்சில் மேல்பக்கத்துக்கும் சேஸிஸில் இருக்கும் ஸ்டாப்பர் ரப்பரின் அடிக்கும் இடைவெளி. தனி ஆர்ம் (காயில், டார்ஷன் பார்) வண்டியில் ஆர்முக்கும் ஸ்டாப்பருக்கும் இடைவெளி. ஒரு பக்கத்து ஸ்டாப்பர் ரப்பர் பிய்ந்திருந்தால் ரப்பர் மாட்டும் இரும்புத் தட்டிலிருந்து அளங்கள்.

பலர் 'அ' மட்டும் எடுத்துவிட்டு முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. மட்கார்டு எப்போதோ அடிபட்டுத் தட்டி நிமிர்த்தியதாக இருக்கலாம். கேபினைத் தாங்கும் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கியிருக்கலாம். 'இ' அளவில் நடுவே இருப்பது ஸ்பிரிங் மட்டும், அதனால் நம்பத் தக்கது அதுதான். 'அ' மாறி 'இ' சமமாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். கேபின் ரப்பர் மாற்றினால் வேலை முடிந்தது. 'இ' சமம், 'ஆ' மட்டும் வித்தியாசம் என்றால் மறுபடி டயரைப் பாருங்கள்.

கமான் வண்டியில் இன்னொரு நுணுக்கம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் வண்டி கடைசியாக மேலிருந்து இறங்கியதா, கீழிருந்து ஏறியதா என்பதைப் பொறுத்தே அளவு வரும். ஒரே வண்டியை இரண்டு முறை அளந்தால் 5 மி.மீ. மாறுவது இதனால்தான். எனவே இரண்டு பேர் பம்பரை மூன்று நான்கு முறை அமுக்கி, மெதுவாக விட்டுவிட்டு அளங்கள். அடுத்து பம்பரைத் தூக்கி, மெதுவாக இறக்கிவிட்டு அளங்கள். இரண்டின் சராசரிதான் உண்மை அளவு.

இரண்டு பக்கத்துக்கும் 5, 6 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஓட்டத்திலும் தெரியாது. 10 மி.மீ. தாண்டினால் காரணம் தேடலாம். 20-க்கு மேல் என்றால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்ற எண்ணத்தோடு தேடுங்கள்.

முன்னா, பின்னா?

சேஸிஸ் விறைப்பானது. பின் வலது கமான் உட்கார்ந்துவிட்டால் சேஸிஸ் முழுதும் வலது பக்கம் சரிந்து, முன் வலது ஸ்பிரிங்கையும் அமுக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு முன்பக்கமே சாய்ந்ததாகத் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்னால் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் சரியாக நடுவில் ஜாக்கி வைத்து, பின் ஸ்பிரிங்குகள் சுமை இறங்கித் தொங்கும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, இடமோ வலமோ தள்ளும் சக்தி அதற்கு இல்லை. முன் 'இ' அளவை மறுபடி எடுங்கள். முதலில் டிரைவர் பக்கம் 62, கிளீனர் பக்கம் 44, வித்தியாசம் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூக்கிய பிறகு வித்தியாசம் 4-க்கு இறங்கினால் குற்றம் பின் கமானில். 15, 16-லேயே நின்றால் முன்பக்கம்தான். நடுவில் 9, 10 என்று வந்தால் இரண்டிலும் பங்கு உண்டு. முதலில் பின்பக்கத்தைச் சரிசெய்துவிட்டு முன்பக்கத்தை மறுபடி அளங்கள்.

ஒற்றைப் புள்ளியில் நிற்கும் வண்டி எளிதில் சரியும். சேஸிஸின் இரு பக்கமும் அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டாண்டுக்கும் சேஸிஸுக்கும் இரண்டு விரல்கடை இடைவெளி போதும், சரிந்தாலும் அது தாங்கும். இந்த நிலையில் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைப்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். அது எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் பொடியாகும். ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

முன்பக்கம் ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள வண்டியில் அதன் ஒரு பக்க லிங்க்கைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை அளங்கள். லிங்க் வளைந்திருந்தாலோ இரண்டு லிங்க்கும் வேறு வேறு நீளமாக மாட்டியிருந்தாலோ பார் முறுக்கிக்கொண்டு வண்டியைச் சாய்க்கும். கழற்றியதும் நேரானால் லிங்க் விலையோடு தப்பித்தீர்கள்.

ஷாக் அப்சர்பர் பற்றி ஒரு வார்த்தை. அது வண்டியின் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் குதியாட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. சாய்வுக்காக ஷாக் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். கேஸ் ஷாக் கொஞ்சம் தள்ளும், உண்மை. ஆனால் 18 மி.மீ. சாய்வை அது ஈடுகட்டாது.

கமான் வண்டி

கம்பிப் பிரஷ் போட்டு இரண்டு பக்கக் கமானையும் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். மெயின் பிளேட் (கண் வளையம் உள்ள பட்டை) உடைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கண் வளையத்தின் அருகில், அல்லது யூ போல்ட்டுக்கு அடியில் செண்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோக்கும் போல்ட்) ஓட்டையில். இரண்டாவது வெளியே தெரியாது. இரண்டு பிளேட்டுக்கு நடுவிலிருந்து செந்நிறத் துருப்பொடி புதிதாகக் கசிந்திருந்தால் அங்கே ஏதோ அசைகிறது, அல்லது விரிந்திருக்கிறது என்று பொருள்.

செண்டர் போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கும். முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் யூ போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

அடுத்து ஷாக்கிள். ஒருவர் பம்பரை அமுக்க, நீங்கள் ஷாக்கிளைப் பாருங்கள். கமான் நீளும்போது ஷாக்கிள் ஆட வேண்டும். ஒரு பக்கம் ஆடி மறுபக்கம் ஆணி அடித்ததுபோல் நின்றால் ஷாக்கிள் பின் இறுகிவிட்டது. கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டியில் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஜாக்கியில் சேஸிஸைத் தூக்கி, ஷாக்கிள் பின்னில் சுமை இல்லாத நிலையில் கிரீஸ் அடியுங்கள். சுமையோடு அடித்தால் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. புதுக் கிரீஸ் இரண்டு ஓரத்திலும் எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். உப்புத்தண்ணீர் வண்டியில் இது மட்டுமே செய்து சாய்வு பாதியாகக் குறைவது உண்டு. ரப்பர் புஷ் (கண் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் குழாய்) உள்ள வண்டியில் கிரீஸ் கூடாது, ரப்பர் ஊறிப்போகும். பிய்ந்த புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும்.

எதுவும் உடையவில்லை, எதுவும் இறுகவில்லை, ஆனாலும் ஒரு பக்கம் தாழ்வு என்றால் கமான் உட்கார்ந்துவிட்டது. இங்கே மூன்று வழி.

முதல் வழி, இரண்டு பக்கமும் புதுக் கட்டு (பட்டைகள் அடுக்கிய முழுக் கமான்). ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் புதுப் பக்கம் உயர்ந்து சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பும், ஆறு மாதத்தில் மறுபடி அளவு மாறும். சாமான்: கட்டு இரண்டு, யூ போல்ட் நான்கு, அதற்கு நட்டு எட்டு, பக்கத்துக்கு மூன்று வீதம் புஷ் ஆறு, ஷாக்கிள் பின் செட், ஸ்டாப்பர் ரப்பர் இரண்டு. சில வண்டிகளில் டிரைவர் பக்கத்துக்கும் கிளீனர் பக்கத்துக்கும் பார்ட் நம்பரே வேறு. கடையில் "முன் கமான் ஒரு ஜதை" என்று மட்டும் கேட்காமல் மாடல், வருஷம், பக்கம் சொல்லிக் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய கமான் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். களைத்த இரும்பு வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும்.

வாங்கியதும் இரண்டு கமான் கட்டுகளையும் தரையில் கவிழ்த்து, கண் வளையங்கள் தரையைத் தொட, நடு வளைவின் உயரத்தை அளங்கள். இரண்டும் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, மாட்டிய பிறகு திருப்பித் தருவதைவிட இது சுலபம்.

மாட்டும் வரிசை:

1. முந்தின இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள்.
2. பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்குங்கள்.
3. ஆக்சிலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கமானின் பின் ஹேங்கருக்குப் பின்னால் சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். பிறகு கமானின் இறுக்கம் போகும் வரை ஜாக்கியை இறக்கி, ஆக்சிலைத் தாங்கும் அளவில் நிறுத்துங்கள்.
4. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கக் கமான்தான் ஆக்சிலை இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது.
5. ஷாக்கின் கீழ் போல்ட், யூ போல்ட், ஷாக்கிள், கமானின் முன் முனையில் உள்ள ஆணி என்ற வரிசையில் கழற்றுங்கள். யூ போல்ட் வராவிட்டால் கிரைண்டரில் வெட்டலாம். பிரேக் ஹோஸையும் டீசல் குழாயையும் ஈரச் சாக்கால் மூடிவிட்டு வெட்டுங்கள். பழைய யூ போல்ட்டை எப்படியும் மறுபடி மாட்டக் கூடாது, அது ஒரு முறை நீண்டது நீண்டதுதான்.
6. புதுக் கட்டில் செண்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் (கமான் உட்காரும் தட்டு) குழியில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்த பிறகே யூ போல்ட் மாட்டுங்கள். தலை குழிக்கு வெளியே நிற்க இறுக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. இரண்டு நாளில் செண்டர் போல்ட் அறுந்துவிடும்.
7. யூ போல்ட் நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, மூன்று தவணையில் இறுக்குங்கள். டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) வண்டியின் மேனுவலில் இருக்கும். நான்கு முனையிலும் மரை சம நீளத்தில் வெளியே நீட்டியிருக்க வேண்டும்.
8. ரப்பர் புஷ் என்றால் ஷாக்கிள் போல்ட்டையும் முன் முனை ஆணியையும் கையிறுக்கம் மட்டும் வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, நான்கைந்து முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி இறுக்கம்.

எட்டாவதை விளக்கிச் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள் குழாய் போல்ட் இறுகியதும் அசையாது, ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். கமான் தொங்கும்போதே இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கோடே நிற்கும். அந்த முறுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் போல அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். அன்றைக்கு உயரமாகத் தெரிந்து, சில மாதத்தில் ரப்பர் கிழிந்ததும் வண்டி மறுபடி சாயும். "புதுக் கமான் போட்டும் சாயுது" என்ற புகாரில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது வழி, பழைய கமானுக்கே பட்டறையில் வளைவு ஏற்றுவது. செலவு குறைவு, ஆயுளும் குறைவு. குளிர்ந்த நிலையிலேயே சுத்தியல் அல்லது பிரஸ்ஸால் ஒவ்வொரு பிளேட்டாக வளைத்து, இரண்டு பக்கக் கட்டின் உயரமும் சமமாக்கித் தருபவரிடம் கொடுக்கலாம். ஒரே இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, தண்ணீரில் முக்கி எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பிறகு ஒரு குழியில் உடையும். பிளேட்டுக்கு நடுவே இடைவெளி உள்ள, ஓரம் மெலிந்த பாராபோலிக் கமான் என்றால் இந்த வழி வேண்டாம். அதில் எக்ஸ்ட்ரா பிளேட் செருகுவதும் கூடாது. அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது.

மூன்றாவது, மெல்லிய தகடு. எல்லாம் சரியாக இருந்தும் டேங்க், பேட்டரி எடையால் 10 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நிரந்தரமாகத் தாழ்ந்து, கண்ணை உறுத்துகிறது என்றால் மட்டும். கமான் ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டியில், தாழ்ந்த பக்கம் ஆக்சில் இருக்கைக்கும் கமானுக்கும் நடுவே இருக்கையின் முழு அளவுக்கு 5 அல்லது 6 மி.மீ. இரும்புத் தகடு. தகட்டின் தடிமன் செண்டர் போல்ட் தலையின் உயரத்தைத் தின்றுவிடும் என்பதால் நீளத் தலை செண்டர் போல்ட் கட்டாயம், யூ போல்ட்டும் அதற்கேற்ற நீளம். மரத்துண்டு, அலுமினியத் துண்டு, இரண்டு மூன்று தகட்டை அடுக்குவது எல்லாம் முன் ஆக்சிலில் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முன்னோக்கி உருள முயலும், அடுக்கு நழுவும். ஆக்சிலுக்குக் கீழே கமான் கட்டிய வண்டியில் இதே தகடு வைத்தால் அந்தப் பக்கம் உயராது, இறங்கும். அப்போது உயர்ந்த பக்கம் வைக்க வேண்டும்.

காயில் வண்டி

ஸ்பிரிங்கின் கீழ் முனை இருக்கையில் உள்ள பள்ளத்தில் சரியாக முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். யாரோ ஷாக் மாற்றும்போது ஸ்பிரிங்கைத் திருப்பி உட்காரவைத்திருந்தால் அதுவே பல மி.மீ. வித்தியாசம் கொடுக்கும். கடைசிச் சுற்று உடைந்து கிடப்பதும் உண்டு. சேறு அடைந்து வெளியே தெரியாது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுவதே சரி. சின்னச் சாய்வுக்கு ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு) மேல் தட்டில் ஸ்பேசர் வைக்கலாம், ஆனால் கணக்கு பார்க்க வேண்டும். ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவில் நிற்பதால் மேலே வைப்பது சக்கரத்தில் பெருகும். ஆர்மின் உள் போல்ட்டிலிருந்து ஸ்ட்ரட் போல்ட் வரை 22 செ.மீ., பால் ஜாயின்ட் வரை 40 செ.மீ. என்றால், 6 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தருகே ஏறக்குறைய 11 மி.மீ. ஏற்றும். 11 மி.மீ. தாழ்வுக்கு 11 மி.மீ. ஸ்பேசர் வாங்கி மாட்டினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

மேல் தட்டு ஸ்பேசருக்கு ஸ்பிரிங்கை அமுக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்கையே கழற்ற வேண்டிய வேலை என்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுங்கள். வாடகைக்கு வாங்கிய ஸ்பிரிங் கம்பிரஸரில் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) நழுவிய ஸ்பிரிங் முகத்தில் வந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஆர்ம் புஷ் போல்ட்டை இளக்கியிருந்தால், கமானுக்குச் சொன்னதுபோல வண்டி தரையில் நிற்கும்போதே கடைசி இறுக்கம்.

கடைகளில் சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் விற்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் செருகிச் சாய்வை எடுக்கிறவர்களும் உண்டு. அது சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் பூட்டி ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறது. உயரம் சரியாகும், இரண்டு பக்கமும் இரண்டு விதமாகக் குதிக்கும்.

டார்ஷன் பார் வண்டி

மூன்றிலும் சுலபமானது, அதனாலேயே அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். தண்டின் பின் முனையில் ஒரு அட்ஜஸ்டர் போல்ட் இருக்கும். இறுக்கினால் அந்தப் பக்கம் ஏறும், இளக்கினால் இறங்கும்.

முதலில் மரை நீட்டியிருக்கும் நீளத்தை இரண்டு பக்கமும் எழுதி, போல்ட் தலையில் பெயின்ட் கோடு போடுங்கள். கம்பெனி உயரத்தைவிட இரண்டு பக்கமும் ஏறியிருந்தால் உயர்ந்த பக்கத்தை இறக்குங்கள். தாழ்ந்த பக்கத்தைத் தூக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்க, போல்ட்டில் கிரீஸ் தடவி, ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். சுமையோடு திருப்பினால் மரை போய்விடும். இறக்கி, வண்டியை நான்கைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கிவிட்டு அளங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரங்கள் உள்பக்கம் மடங்கி நிற்கும், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விடாது. உருட்டாமல் அளந்தால் 20 மி.மீ. வரைகூடப் பொய் சொல்லும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்த பிறகு மீதியைக் கணக்கிடலாம். ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் கொஞ்சம் நகரும், அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டையும் அளங்கள். போல்ட் முழுதும் இறுகியும் உயரம் வரவில்லை என்றால் தண்டு சோர்ந்துவிட்டது, அல்லது முன்பு கழற்றியவர் தண்டு முனையின் பல் மாற்றி மாட்டியிருக்கிறார். கழற்றினால் இடது, வலது தண்டை மாற்றிவிடாதீர்கள். ஒரே திசை முறுக்குக்குப் பழகியவை அவை, முனையில் குறி இருக்கும்.

முடித்த பிறகு

எந்த வகையானாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். தனி ஆர்ம் வண்டியில் உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பும் அளவு) மாறும், இரண்டாயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரம் வழித்துவிடும். கமான் வண்டியில் டிராக் லிங்க்கின் கோணம் மாறுவதால் ஸ்டியரிங் வீல் கொஞ்சம் கோணலாக நிற்கும், லிங்க்கில் சரிசெய்யலாம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவோ டயரில் உரசவோ இல்லை என்று பாருங்கள். ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்து இறக்குங்கள்.

பின் கமானில் கை வைத்திருந்தால், பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலி என்று அது எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் நீளத்தை மேனுவல்படி மறுபடி வைக்க வேண்டும்.

பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது ரிப்பேர், அதில் சட்டச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் தூக்குவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றிதழ் சோதனைக்கு) போகும் வண்டியில் ஆசைக்குத் தூக்கிவைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

யூ போல்ட் நட்டுகளை 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, லோடோடு 500 கி.மீ. ஓடியதும் ஒரு முறை மறுபடி டார்க் வையுங்கள். புதுக் கமானின் பெயின்ட் நசுங்கி, பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து, முதல் இறுக்கம் தானாகக் குறையும். புது ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் சில மி.மீ. இறங்குவதும் இயல்பு. அதற்குப் பிறகு அதே தரையில், அதே டீசல் அளவில் 'இ' அளவை எடுத்து, அப்போதும் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் மட்டும் தகடோ ஸ்பேசரோ யோசிக்கலாம்.